குழாய் வழியாகப் பஞ்சாமிர்தம்

என் வயிற்றின் இடது பக்கம், தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி, ஒரு குழாய் தொங்குகிறது. பேனா அளவு தடிமன்கூட இருக்காது. ஒரு முனை குடலுக்குள், இன்னொரு முனை பனியனுக்குள். புரட்டாசி மாதத்திலிருந்து எனக்குச் சாப்பாடு அது வழியாகத்தான். வாய் இப்போது பேச மட்டும். "முன்னாடியும் நீ பேசத்தான வச்சிருந்த, என்ன பெரிய வித்தியாசம்?" என்பான் ரியாஸ். காலேஜில் மூன்று வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்து எழுதிப் பாஸானவன். திண்டுக்கல் பேகம்பூர்க்காரன். வாய் கொஞ்சம் அதிகம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், குழாயைப் போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, எப்படிக் கழுவுவது என்று எல்லாம் இருந்தது. லுங்கியை எங்கே கட்டுவது, பஸ்ஸில் எந்தப் பக்கம் நிற்பது, பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் எந்த மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று ஒரு வரி இல்லை. அந்தத் தாளின் பின்பக்கத்தைத்தான் இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்து குழாய் போட்டுக்கொள்ளப் போகிற யாருக்காவது உதவும்.

நடந்தது இதுதான். அப்பாவுக்குச் சின்னாளபட்டியில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. வீடும் அங்கேயே, ரெண்டு தெரு தள்ளி. எங்கள் குளியலறையில் தண்ணீர் போகாமல் தேங்கி நின்றது. பட்டறையில் நூலுக்குப் போடுகிற காஸ்டிக் சோடாக் கரைசலைக் கொஞ்சம் ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்து வந்தார் அப்பா. பாதியை ஊற்றினார், அடைப்புப் போனது. மீதி பாட்டிலை அடுப்படி வாசலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். நான் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தேன். பாட்டிலைப் பார்த்தேன். அண்ணாந்தேன். ஒரே ஒரு மடக்கு.

அந்த மடக்கைப் பற்றி எழுத மாட்டேன். அதற்குப் பிறகு நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து என் வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தார். நல்ல மனுஷன். ஆனால் அதைச் செய்யவே கூடாதாம். உள்ளே போகும்போது சுட்டது, வெளியே வரும்போது இன்னொரு தடவை சுடும். இதை யாராவது ஞாபகம் வைத்துக்கொண்டால் நான் பட்டதில் காலே அரைக்கால் பங்காவது பிரயோஜனம்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள், அதுதான் எண்டோஸ்கோப்பி. வயிறு தப்பித்துவிட்டது. தொண்டைக்குக் கீழே வயிறு வரைக்கும் போகிற உணவுக்குழாய்தான் வெந்திருந்தது. டாக்டர் ஒரு ஸ்ட்ராவை எடுத்து அப்பாவிடம் காட்டினார். "புண்ணு ஆறும். ஆனா ஆறும்போது தோலு இழுத்துப் பிடிக்கும்ல, தீக்காயம் பட்ட கையில பாத்திருப்பீங்களே? அது மாதிரி இந்தக் குழா சுருங்கிரும்" என்று ஸ்ட்ராவை ரெண்டு இடத்தில் நசுக்கினார். அதற்குப் பெயர் ஸ்ட்ரிக்சர். சுருங்கிய இடத்தை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை உள்ளே கம்பி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்க வேண்டும், அதற்குப் பெயர் டைலடேஷன். அது வரைக்கும் சாப்பாடு நேராகக் குடலுக்கு. விரியவே இல்லை என்றால் நெஞ்சைத் திறந்து, குடலில் ஒரு துண்டை எடுத்து மேலே இழுத்துப் புது உணவுக்குழாய் செய்ய வேண்டும். பெரிய ஆபரேஷன்.

மார்கழியிலிருந்து தை வரைக்கும் மூன்று தடவை விரித்தாகிவிட்டது. "நாலாவது தடவைக்கு அப்புறமும் தண்ணி இறங்கலைன்னா ஆபரேஷன் பத்திப் பேசுவோம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் வாயால், என் தொண்டையால், ஒரு மடக்கு விழுங்க வேண்டும். வேலை, இன்டர்வியூ, காதல் எல்லாம் அப்புறம்.

இனி குழாய்.

காலையில் ஆறு மணிக்கு முதல் சாப்பாடு. அம்மா ராகிக்கஞ்சியைத் தண்ணியாகக் காய்ச்சி, வேட்டித் துணியில் ரெண்டு தடவை வடிகட்டி, ஆறவைத்து எடுத்து வருவார். குழாயின் மூடியைத் திறந்து, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சைச் செருகி, தூக்கிப் பிடித்து, ஊற்ற வேண்டும். தானாக இறங்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் குடல் பிடித்துக்கொள்ளும், வேர்க்கும், அப்புறம் பாத்ரூமுக்கு ஓட்டம். வயிறு என்றால் வருவதை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக அனுப்பும். குடலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. இருநூறு மில்லிக்கு அரை மணி நேரம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஊற்றுவதற்கு முன்னாலும் பின்னாலும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். ஒரு நாள் கழுவாமல் விட்டேன். கஞ்சி உள்ளேயே காய்ந்துவிட்டது. அம்மா வெந்நீரை வைத்துக்கொண்டு மெல்ல இழுத்து, மெல்ல விட்டு, ஒரு மணி நேரம் போராடித் திறந்தார். "காலேஜுக்குப் போய் என்னத்தப் படிச்ச? ஒரு டம்ளரு தண்ணி ஊத்தத் தெரியல" என்றார். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, ஃபர்ஸ்ட் கிளாஸ்.

குழாயைத் தோலோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் இழுக்கும். குப்புறப் படுக்க முடியாது, நானோ பிறந்ததிலிருந்து குப்புறப் படுத்தே தூங்கியவன். குழாயைச் சுற்றி மஞ்சளாக ஒரு நீர் கசியும். அது குடல் நீர், எதைப் பார்த்தாலும் செரிக்கப் பார்க்கும், என் தோலையும் சேர்த்து. வெந்து சிவந்து எரியும். வெள்ளையாக ஒரு களிம்பு தருவார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அப்ப வேண்டும். பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் அரிக்கும். சொரியக் கூடாது. பிளாஸ்திரியை ஒரே இடத்தில் ஒட்டாமல் தினம் கொஞ்சம் மாற்றி ஒட்டுங்கள், அதுதான் நான் கண்டுபிடித்த ஒரே வழி. லுங்கியை இடுப்பில் கட்டினால் குழாய் மடங்கும், தொப்புளுக்குக் கீழே இறக்கிக் கட்டினால் அவிழும். டிராக் பேண்ட் வாங்கினேன். திண்டுக்கல் பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம்தான் உட்காருவேன், குழாய் சுவர்ப் பக்கம் இருக்கட்டும் என்று. ஒரு தடவை நின்றுகொண்டு போனேன், ஒரு அம்மாவின் கூடை முனை சரியாக அங்கேயே இடித்தது. நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் அடித்தார்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது வாய்.

வயிறு நிரம்பிவிடும், வாய் நிரம்பாது. இதை யாரிடம் சொன்னாலும் புரியாது. பசி போய்விடும், ஆனால் சாப்பிட்ட மாதிரி இருக்காது. சாப்பிடாத வாய்க்கும் ரெண்டு வேளை பல் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் படிந்து நாறும். எச்சில் உள்ளே இறங்காமல் தேங்கி நின்று புரையேறும். அதனால் கையில் எந்நேரமும் ஒரு மூடி போட்ட கப். பேசுவேன், துப்புவேன், பேசுவேன், துப்புவேன். மூன்றாவது தடவை விரித்த பிறகு டாக்டர், "எச்சில விழுங்கிப் பழகுப்பா, இப்ப இறங்கும்" என்றார். வீட்டில் ஒரு தடவை பயந்து பயந்து விழுங்கிப் பார்த்தேன். பாதியில் இருமல் வந்து மூச்சு நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது. அதோடு சரி. திரும்பக் கப்பைத் தூக்கிக்கொண்டேன். டாக்டர் போனில் கேட்டபோது, "டிரை பண்றேன் சார்" என்று கூசாமல் சொன்னேன்.

கனவில் நான் பெரிய விருந்தெல்லாம் சாப்பிடுவதில்லை. மெல்லுகிறேன். அவ்வளவுதான். எதையோ, முறுக்கோ ஐஸ்கட்டியோ தெரியாது, நறநற என்று மென்றுகொண்டே இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு குடிக்கிற டீயில் முதல் வாய் நாக்கைச் சுடுமே, அந்தச் சூடு வேண்டும். வெயிலில் வந்து குடிக்கிற தண்ணீர் நெஞ்சுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டு இறங்குமே, அந்தக் கோடு வேண்டும். ருசிகூட அப்புறம்தான்.

வீட்டில் எனக்காக எல்லாரும் திருடர்களாகிவிட்டார்கள். அம்மா தாளிப்பதையே நிறுத்திவிட்டார். கடுகு வெடிக்கும் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதாம். வெங்காயம் வதக்காத குழம்பு, தொட்டுக்கொள்ள வெஞ்சனமே இல்லாத சோறு. நான் மாடியில் இருக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். அப்பா வீட்டில் சாப்பிடுவதையே விட்டுவிட்டார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவார். அந்தப் புரட்டாசிக்கு அப்புறம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாட்டிலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. குழாய்க்குக் கஞ்சி ஊற்றும்போது அந்த அறைப் பக்கமே வர மாட்டார்.

ரியாஸ் மட்டும்தான் மனுஷன். ஒரு நாள் பழனிப் பக்கம் போய்விட்டு ஒரு பை நிறையக் கொய்யாவோடு வந்தான்.

"மாப்ள, ஆயக்குடிக் கொய்யா. வண்டிய நிப்பாட்டி வாங்குனேன்."

"எனக்கு எதுக்குடா?"

"உனக்குன்னு யாரு சொன்னா? நான் திங்கப் போறேன். நீ பாரு."

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "ஏலே ரியாசு, ஒனக்கு ஈவு இரக்கமே கெடையாதா? புள்ள மூஞ்சிக்கு முன்னாடி வச்சுக் கடிக்கிற?"

"அவனுக்குத் தொண்டைதானம்மா ரிப்பேரு? காது நல்லாத்தான இருக்கு. கேக்கட்டும்."

கடித்தான். பாதி பழுத்த கொய்யா. அந்தச் சத்தம் இருக்கிறதே! நான் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு கடி கடிடா" என்றேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"வாயில் போட்டு மென்று ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம், தப்பில்லை" என்று டாக்டர் ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தார். ஒரு துண்டு வாங்கி மென்றேன். துவர்ப்பு, பச்சை வாசம், நடுவில் மணல் மாதிரி விதை. தொண்டை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. நான் சட்டியில் துப்பினேன். வீட்டில் அதற்கென்றே ஒரு சட்டி இருக்கிறது. ஒருத்தனை ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிப்போய், வண்டியைக் காட்டி, திரும்ப வீட்டுக்கு இழுத்து வந்த மாதிரி இருந்தது.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்னால் அப்பா அம்மாவிடம், எனக்குக் கேட்கும்படி, "பழனிக்கு நடந்துட்டு வாரேன்" என்றார். இதற்கு முன்னால் அவர் நடந்ததே இல்லை. பட்டறைக்கே சைக்கிளில் போகிறவர். காலில் செருப்பில்லாமல், பச்சைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊர்க்காரர்கள் கூட்டத்தோடு கிளம்பிவிட்டார். நாலாம் நாள் காலையில் பஸ்ஸில் திரும்பி வந்தார். முகம் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. கையில் பஞ்சாமிர்த டப்பா. நேராக என்னிடம் வந்தார். நாலு மாதத்தில் முதல் தடவையாக என் கட்டிலில் உட்கார்ந்தார்.

டப்பாவைத் திறந்து ஸ்பூனில் எடுத்தார். வாழைப்பழமும் பேரீச்சையும் நாட்டுச்சர்க்கரையும் நெய்யும் ஏலக்காயும் சேர்ந்த அந்த வாசனை. என் வாய்க்குள் குபுக்கென்று ஊறியது.

"வாயத் தெற அப்பு."

திறந்தேன். ஸ்பூன் உதட்டுக்கு வந்துவிட்டது. அப்போது அம்மா, "ஏங்க, அவன் துப்பணும்ல?" என்றார்.

அப்பா கை அப்படியே நின்றது.

"சாமி பிரசாதத்த எப்படிடி துப்புறது?"

"அதான் நானும் கேக்குறேன்."

"சும்மா நாக்குல லேசாத் தடவுங்கப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"என்ன பாத்துக்குவ? செத்த நேரம் கழிச்சு அந்தக் கப்புல துப்புவ. ஒனக்காக வேண்டி இம்புட்டுத் தூரம் நடந்து வாங்கியாந்தது. எச்சிக் கப்புலயா துப்புவ?" ஸ்பூனை டப்பாவுக்குள் போட்டுவிட்டார். என் வாய் திறந்தபடியே இருந்தது.

கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் முகம் தெளிந்துவிட்டது. "வயித்துக்குள்ள போனாச் சரிதான? எந்த வழியாப் போனா சாமிக்கு என்ன?"

வெந்நீரில் பஞ்சாமிர்தத்தைக் கரைத்தார். அம்மா வடிகட்டும் துணியை எடுத்து வந்தார். "வேணாம், துணியில தங்குறத எங்க போடுவ? சாக்கடையிலயா? அப்படியே ஊத்துவோம், கரைஞ்சிருச்சுல்ல" என்றார் அப்பா. அம்மாவுக்கும் அது நியாயமாகப்பட்டது. துணியை மடித்து வைத்துவிட்டார்.

பாகுத்தன்மை பற்றி ஐந்து மார்க் கேள்விக்கு முழுசாக எழுதியவன் நான். பேரீச்சம்பழத் தோல் எந்த வெந்நீரிலும் கரையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அப்பா முதல் தடவையாகக் குழாயைத் தொடுகிறார். விரல் நகத்தில் நீலச் சாயம் இன்னும் போகவில்லை. அந்த விரலால் மூடியைத் திறந்து, சிரிஞ்சைச் செருகி, "முருகா" என்று ஊற்றினார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பாதி இறங்கியது. அப்புறம் நின்றது. அப்பா அழுத்தினார்.

"அழுத்தாதீங்கப்பா."

"இந்தா போயிரும்."

இன்னும் கொஞ்சம் அழுத்தினார். படீரென்று சிரிஞ்சு கழன்று, பஞ்சாமிர்தம் அவர் சட்டையிலும் சுவரிலும் காலண்டரிலும் தெறித்தது. குழாய் அடைத்துக்கொண்டது. அது பத்தாதென்று, உள்ளே போன சர்க்கரைக்குக் குடல் ஆடத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் சட்டை நனைய வேர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டேன். அம்மா வெந்நீரோடு போராடினார். இந்தத் தடவை ஒரு சொட்டு நகரவில்லை.

"ஒண்ணும் ஆகாது அப்பு, சாமி பிரசாதம்" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. வலியில் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அது மட்டும் காரணமில்லை.

"ரெண்டு தடவையும் ஊத்துனது நீங்கதாம்ப்பா."

அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அப்பா சட்டையில் ஒட்டியிருந்ததைக்கூடத் துடைக்கவில்லை.

ரியாஸ் அவன் மச்சானுடைய காரை எடுத்து வந்தான். அப்பா முன் சீட்டில், நானும் அம்மாவும் பின்னால். மதுரை வரைக்கும் யாரும் பேசவில்லை. ரியாஸே பேசவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

வார்டில் ஸ்டெல்லா சிஸ்டர் இருந்தார். குழாய் போட்ட நாளிலிருந்து என்னைத் தெரியும். குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"உள்ள என்ன போட்டீங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தார்.

"கேக்குறேன்ல? மாத்திரையா? கஞ்சியா?"

"பஞ்சாமிர்தம்மா" என்றார் அப்பா, தரையைப் பார்த்து.

சிஸ்டர் சிரிப்பை அடக்கியதில் மாஸ்க் உப்பியது. "போன மாசம் ஒரு பெரியவருக்கு ஆட்டுக்கால் சூப்பு. அதுக்கு முன்னாடி ஒரு அம்மாவுக்கு அதிரசத்தக் கரைச்சு. இப்ப பஞ்சாமிர்தம். நீங்கள்லாம் சேந்து எனக்கு ஒரு விருந்து வச்சிருங்க, நேராவே சாப்புட்டுருறேன்."

அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

டாக்டர் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தார். பேரீச்சைத் தோல் விடவில்லை. பழைய குழாயை உருவிவிட்டு, அதே துளையில் புதுசை நுழைத்தார். நாலு மாதத்தில் தடம் பழகியிருந்ததால் கத்தி தேவைப்படவில்லை, பல்லைக் கடித்துக்கொள்வது மட்டும் தேவைப்பட்டது. ஆனால் முனை சரியான இடத்தில் இருக்கிறதா என்று மருந்து விட்டு எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது. எக்ஸ்-ரே அறை வாசலில் கூட்டம். கையில் குளுக்கோஸ் பாட்டிலோடு என்னை ஸ்ட்ரெச்சரில் தலைப்பக்கம் உயர்த்தி வராந்தாவில் நிறுத்தினார்கள். அம்மாவும் ரியாஸும் மருந்து வாங்கப் போனார்கள். எதிர் பெஞ்சில் அப்பா.

நாக்கு அட்டை மாதிரி காய்ந்திருந்தது. சிஸ்டர் ஒரு சின்ன ஐஸ்கட்டி கொண்டு வந்து கொடுத்தார். "வாய நனைக்க மட்டும். விழுங்காத. கப்புல துப்பிரு."

வாயில் போட்டுக்கொண்டேன். அப்பா கால்களைப் பெஞ்சுக்கு அடியில் ஒடுக்கி வைத்திருந்தார். மூணு நாள் நடந்த அலுப்பு. உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டது, தலை சுவரில் சாய்ந்தது, கால்கள் தானாக முன்னால் நீண்டன. உள்ளங்கால் ரெண்டும் என் பக்கம்.

கொப்புளங்கள் வெடித்து, தோல் உரிந்து, தார் ரோட்டுப் பொடி அதில் ஒட்டியிருந்தது. ரெண்டு இடத்தில் பிளாஸ்திரி போட்டிருந்தார். என் குழாய்க்கு ஒட்டுகிற பிளாஸ்திரிதான், வீட்டிலிருந்து எடுத்துப் போயிருக்கிறார். குதிகாலில் ஒரு வெடிப்பிலிருந்து இன்னும் கசிந்துகொண்டிருந்தது. இந்தக் காலோடு பஸ் ஏறி, இறங்கி, நடந்து வந்து, என் கட்டிலில் உட்கார்ந்து, வாயைத் திற என்றிருக்கிறார். அதற்கு நான் சொன்ன பதில் அந்த வராந்தாவில் எனக்குத் திரும்பக் கேட்டது. தொண்டையில் என்னமோ அடைத்தது. மடக்கென்று விழுங்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கையிலிருந்த கப்பைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. வாய்க்குள் ஐஸ் இல்லை. தண்ணீரும் இல்லை.

இருமல் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. நெஞ்சுக்குள் ஒரு சில்லிப்பு மெதுவாக இறங்கி, ஒரு இடத்தில் தயங்கி, அப்புறம் போய்விட்டது.

"சிஸ்டர்!" என்று நான் போட்ட சத்தத்தில் அப்பா திடுக்கிட்டு எழுந்து, காலைத் தரையில் ஊன்ற முடியாமல் தடுமாறினார்.

"என்னப்பா, வலிக்குதா?" என்று சிஸ்டர் ஓடி வந்தார்.

"ஐஸ் போயிருச்சு சிஸ்டர்."

"எங்க போச்சு? துப்பச் சொன்னேன்ல?"

"துப்பல. உள்ள போயிருச்சு."

சிஸ்டர் என் நெஞ்சைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், விரலில் மாட்டியிருந்த, ஆக்ஸிஜன் அளக்கிற மிஷினைப் பார்த்தார். பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் வந்து எல்லாம் கேட்டுவிட்டு, "போன தடவை விரிச்சதுலயே எச்சி இறங்கியிருக்கணுமேன்னு நானும் யோசிச்சேன். வீட்ல டிரை பண்ணுனியா, இல்லையா? உண்மையச் சொல்லு" என்றார்.

"ஒரே ஒரு தடவ சார். பயந்து விட்டுட்டேன்."

"பயந்துக்கிட்டு விழுங்குனா தொண்டை இறுக்கிக்கும். நல்லா ஏமாத்துனடா என்னைய." அப்புறம் எக்ஸ்-ரே அறைப் பக்கம் திரும்பி, "அந்த மருந்தையே வாய் வழியாவும் கொஞ்சம் குடுத்துப் பாத்துருவோம்" என்றார்.

அந்தச் சோதனை இப்படித்தான்: எக்ஸ்-ரேயில் தெரிகிற ஒரு திரவத்தை விழுங்க வேண்டும், அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று திரையில் அப்படியே பார்ப்பார்கள். முதலில் புதுக் குழாயில் விட்டார்கள், சரியான இடத்தில் இருந்தது. அடுத்து என்னைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். பேப்பர் கப்பில் ரெண்டு ஸ்பூன் அளவு. கப்பை டெக்னீஷியனே பிடித்துக்கொண்டார். கதவு பாதி திறந்திருந்தது, வெளியே அப்பா ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது தெரிந்தது.

வாயில் விட்டேன். இனிப்பும் இல்லாமல் கசப்பும் இல்லாமல், இரும்பு ஆணியை ஊறவைத்த மாதிரி ஒரு ருசி. பஸ் ஸ்டாண்ட் கழிவறை வாசம். என் நாக்கு அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. டாக்டர் "முழுங்கு" என்றார். கண்ணை மூடாமல் திரையையே பார்த்தபடி விழுங்கினேன். தொண்டையிலிருந்து கறுப்பாக ஒரு நூல் கீழே இறங்கியது. முதல் சுருக்கத்தில் நின்றது. நான் மூச்சை நிறுத்தினேன். மெலிந்து, நுழைந்து, இறங்கியது. ரெண்டாவது இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அது சொட்டுச் சொட்டாக வயிற்றுக்குள் விழுந்தது.

"இறங்குது" என்றார் டாக்டர். "நூல் மாதிரிதான். சாப்பாடெல்லாம் ரொம்ப தூரம், குழா இருக்கட்டும். அடுத்த வாரம் விரிப்போம். ஆனா ஆபரேஷன் பேச்ச இப்போதைக்கு எடுக்க வேணாம். எச்சில இனிமே துப்புனேன்னு தெரிஞ்சா நானே வீட்டுக்கு வருவேன்."

ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளினார்கள். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நொண்டி நொண்டி வந்தார். வராந்தா பாதி தாண்டிய பிறகுதான் அவருக்கு வாய் வந்தது.

"முழுங்குனியா அப்பு?"

"முழுங்கிட்டேம்ப்பா."

இன்னும் நாலடி நடந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"கேவலமா இருந்துச்சுப்பா. இன்னொரு கப்பு கேட்டேன், தர மாட்டேங்குறாங்க. நீங்க போய்க் கேட்டுப் பாருங்க."